நெசவாளி மகளின் கண்கட்டு

வீட்டில் அவளைப் பூச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். புத்தகத்தை விட்டு எழுந்திருக்காத தங்கைக்கு அக்கா வைத்த பெயர் அது. அவள் அரபி படித்து, ஆராய்ச்சிக்கும் பதிவு செய்த பிறகும் அந்தப் பெயர் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. "உருப்படியா வேற ஒண்ணும் கெடைக்கலையா?" என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கி இல்லை.

அவள் உயிரை வாங்கியது ஒரு பழைய அரபுக் கண் வைத்தியரின் கையெழுத்துப் புத்தகம். அது எங்கோ கடல் தாண்டி ஒரு நூலகத்தின் காப்பறையில் இருந்தது. சில பக்கங்களை மட்டும் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். மீதியைப் பார்க்க நேரில்தான் போக வேண்டும். அந்தச் சில பக்கங்களில் ஒரு நெசவாளியின் மகள் வருகிறாள். கண்ணில் திரை விழுந்த சின்னப் பெண். வைத்தியர் ஊசியால் திரையை விலக்கிக் கட்டுப் போடுகிறார். "பிள்ளை அழவில்லை, அப்பன்தான் அழுதான்" என்று எழுதுகிறார். அத்தோடு பக்கம் முடிகிறது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் யாரோ ஒரு கிழவருக்குக் கண்ணில் நீர் வடிகிறதாம்! கட்டை அவிழ்த்தார்களா, பார்வை வந்ததா, ஒரு வார்த்தை கிடையாது. இப்படி நடுவழியில் விட்டுவிட்டுப் போனால் யாருக்குத்தான் கோபம் வராது? பூச்சிக்கு வந்தது.

அரபு மரபை நூலகக் காப்பறைகளில் தேடுகிறவர்களுக்குப் பயணச் செலவு தரும் அறக்கட்டளை ஒன்று இருந்தது. பூச்சி இரண்டு தடவை கேட்டாள், இரண்டு தடவையும் கையை விரித்துவிட்டார்கள். நூலகப் பட்டியலிலேயே 'தாள்கள் குழம்பியுள்ளன, முடிவு இல்லை' என்று போட்டிருக்கிறதே, முடிவே இல்லாத புத்தகத்துக்கு எதற்குப் பயணம் என்பது அவர்கள் கேள்வி. மூன்றாம் தடவை எழுதிப் போட்டதற்கு நேர்காணலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பும் முடிகிறது. இதுவும் போனால் அத்தானின் டைல்ஸ் கடையில் பில் போட உட்கார வேண்டியதுதான். அத்தான் நல்ல மனுஷர், நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டார். அந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் பூச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"செத்துப்போன வைத்தியரப் பாக்க ஃப்ளைட்டா? உயிரோட இருக்கற டாக்டரப் பாக்க பஸ்ல போகவே எனக்கு நேரமில்ல" என்றாள் அக்கா, நேர்காணலுக்குப் போட வேண்டிய சட்டையைத் தேய்த்துக்கொண்டே.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்."

"சொல்லல." தேய்ப்புப் பெட்டி நின்றது. "ஏண்டி, அந்தப் பொண்ணு கட்ட அவுத்தாங்களா இல்லையா?"

"அதத் தெரிஞ்சுக்கத்தானே உயிர விடறேன்!"

நேர்காணல் அறையில் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவர் ஓய்வு பெற்ற வரலாற்றுப் பேராசிரியர். சிரிக்கும்போதும் புருவம் இறங்காத முகம். பூச்சி அனுப்பியிருந்த பக்கங்களின் அச்சுப் பிரதி மூன்று பேர் கையிலும் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் அவளே அதைத் தமிழில் மொழிபெயர்த்து எழுதிச் சேர்த்திருந்தாள்.

"ஏம்மா, மொதல்ல வைத்தியர் கட்டுப் போடறார். அதுக்கப்புறம்தான் அந்தப் பொண்ணு வாசல்ல வந்து நிக்குது. இதென்ன வைத்தியம்?" என்றார் தலைவர். பக்கத்தில் இருந்த இருவரும் சிரித்தார்கள். "பட்டியல்ல சொன்னது சரிதான். ஒரே குழப்பம்."

பூச்சி மேஜைமேல் எட்டிப் பார்த்தாள். தப்பாக எழுதி அனுப்பிவிட்டோமா? "ஒரு நிமிஷம் குடுங்க" என்று பிரதியைக் கிட்டத்தட்டப் பிடுங்கினாள். அவள் அனுப்பிய ஒவ்வொரு படத்திலும் விரித்த புத்தகத்தின் இரண்டு பக்கங்கள் இருந்தன. இங்கே ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டித் தனித்தனித் தாளாக்கி ஸ்டேப்ளர் அடித்திருந்தது.

"இத வெட்டினது யாருங்க?"

காபி கொண்டுவந்த அலுவலக உதவியாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். "நான்தாங்க. எழுத்து பொடியா இருந்துச்சு, பெருசாக்கிக் குடுக்கலாம்னு..."

"இடது பக்கத்த மொதல்ல வெச்சிட்டீங்க. அரபிக்கு வலது பக்கம்தான் மொதப் பக்கம்."

"ஐயையோ!" பாவம், மனுஷர் முகம் செத்துப்போயிற்று. அதைப் பார்த்துப் பூச்சிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அவள் மண்டையில் பொறி தட்டியது.

"ஐயா, அந்தப் புத்தகத்துக்கும் இதேதான் நடந்திருக்கு!"

தலைவரின் புருவம் இன்னும் மேலே போயிற்று. பூச்சி மேஜைமேல் இருந்த வெள்ளைத் தாள்களைக் கேட்காமலேயே எடுத்துச் சிறுசிறு கொத்துகளாக மடித்தாள். "பழைய புத்தகத்த இப்படிக் கொத்துக் கொத்தா மடிச்சித்தான் தைப்பாங்க. தையல் விட்டுப்போயிருக்கும். மொழி தெரியாத யாரோ மறுபடி தைக்கும்போது, மொதக் கொத்த இடது பக்கம் வெச்சு அடுக்கிட்டாங்க. ஒவ்வொரு கொத்துக்குள்ளயும் வரிசை சரியாத்தான் இருக்கு. கொத்துங்கதான் முன்னுக்குப் பின்னா மாறிடுச்சு. பாருங்க, புத்தகத்தோட ஆரம்பத்துல வைத்தியர் கிழவர், கை நடுங்குதுன்னு எழுதறார். கடைசிப் பக்கங்கள்ல இப்பத்தான் தொழில் ஆரம்பிக்கிறார். ஏதோ பழச நெனச்சு எழுதறார்னு நெனச்சேன், மண்டு நான்! முடிவு தொலையலங்க. உள்ளயேதான் இருக்கு."

"நிச்சயமாத் தெரியுமா?"

ஆமாம் என்று வாய் வரை வந்துவிட்டது. "தெரியாதுங்க" என்றாள். "பழைய தையல் ஓட்டையெல்லாம் மடிப்புக்குள்ள இருக்கும், படத்துல தெரியாது. புத்தகத்தக் கையில எடுத்தாத்தான் தெரியும். அதுக்குத்தான் போகணும்கறேன்."

தலைவர் ஸ்டேப்ளர் கம்பியை நகத்தால் நெம்பி எடுத்தார். தாள்களைத் தானே மாற்றி அடுக்கி, நெசவாளியின் மகள் வருவதிலிருந்து கட்டுப் போடுவது வரை சத்தம் போட்டு வாசித்தார். வாசித்து முடித்ததும் கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "அடடா" என்றார். புருவம் இறங்கியிருந்தது. பணம் கிடைத்துவிட்டது என்று அடுத்த வாரம் தகவல் வந்தபோது பூச்சி அதை நம்ப மூன்று தடவை படித்தாள்.

அந்த ஊர் நூலகத்தில் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில்தான். காப்பறை அம்மா புத்தகத்தைக் குழந்தையைத் தூக்குவது போலக் கொண்டுவந்து தலையணைமேல் கிடத்தினார். பூச்சி மடிப்புகளை மெல்ல விரித்துப் பார்த்தாள். இப்போதைய நூலுக்குப் பக்கத்திலேயே பழைய ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. நெசவாளி மகளின் பக்கம் ஒரு கொத்தின் கடைசியில் இருந்தது. அடுத்த கொத்தை விட்டுவிட்டு முந்தைய கொத்துக்குப் போனாள். அதன் முதல் பக்கம், முதல் வரி. படித்தாள். கண்ணை நீர் மறைத்தது. கண்ணீர் தாளில் விழுந்தால் தொலைந்தோம் என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள்.

வெளியே படிக்கட்டில் நின்று போன் போட்டாள்.

"அவுத்தாங்களா?" என்றாள் அக்கா. நல்லா இருக்கியா, சாப்பிட்டியா எதுவும் கிடையாது.

பூச்சி மனப்பாடமாகச் சொன்னாள்: "கட்டை அவிழ்த்தேன். இடது கண் தேறவில்லை. வலது கண்ணுக்கு நேரே விளக்கைக் காட்டினேன். பிள்ளை விளக்கைத் தள்ளிவிட்டு அப்பனின் தாடியைப் பிடித்துக்கொண்டாள்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா கடை அதிரக் கத்தினாள்.

"ஏங்க, அந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரிஞ்சிடுச்சாம்!"

"எந்தப் பொண்ணு?" என்று அத்தானின் குரல் தூரத்தில் கேட்டது.

"நம்ம பொண்ணுதாங்க!"