நாலு புள்ளி ஒன்று

குற்றாலம் ரோட்டில் இருக்கும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் டாக்டர் மகாதேவனைப் புகழ்வார்கள். உள்ளே வேலை பார்க்கிறவர்களைக் கேட்டால், உமா மகேஸ்வரி இல்லாவிட்டால் நாறிப்போகும் என்பார்கள். மருந்தகப் பொறுப்பை அவள் ஏற்றபோது இருமல் டானிக்கும் இதய மாத்திரையும் ஒரே அட்டைப்பெட்டியில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. பதினாலு வருடத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி இடம், காலாவதி நெருங்கியது முன்வரிசை என்று ஒழுங்குக்குக் கொண்டுவந்தாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்ட மருந்தை எடுத்துத் தருவாள்.

ஒரே ஓர் இடத்தில்தான் ஏமாற்றினாள். ஃப்ரிட்ஜ் நோட்டு. ஃப்ரிட்ஜுக்குள் குளிர் இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டைத் தாண்டக் கூடாது. காலையும் மாலையும் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உமா மாதத்தின் முதல் தேதியே முப்பத்தோரு நாளைக்கும் எழுதி முடித்துவிடுவாள். 3.9, 4.1, 4.3 என்று கொஞ்சம் மாற்றி, நீலப் பேனாவில் பாதி, கறுப்புப் பேனாவில் பாதி. ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஃப்ரிட்ஜும் இத்தனை வருடம் அவள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தது.

ஜூலையில், தரச் சான்றிதழ் ஆய்வு வருகிறது என்று சுவருக்குப் பெயின்ட் அடித்தார்கள். சனிக்கிழமை ஃப்ரிட்ஜை நகர்த்தும்போது எவன் கை பட்டதோ, குளிரைக் கூட்டும் திருகு கடைசிவரை திரும்பிவிட்டது. மறுநாள் உமாவுக்கு லீவு. திங்களும் செவ்வாயும் வேலைக்கு வந்தாள், தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை. எழுதி முடித்த நோட்டுக்கு எதற்குப் பார்ப்பாள்?

புதன் மாலை, வெறிநாய்க்கடிக்குப் போடும் சீரத்தை எடுத்தாள். குப்பிக்குள் மருந்து கட்டியாக உறைந்திருந்தது. தெர்மாமீட்டரில் மைனஸ் மூன்று. உறைந்துபோன சீரத்தை நம்பக் கூடாது, குப்பையில்தான் போட வேண்டும். 

"ரபீக், இதுல யாருக்காவது குடுத்தியா?"

முகம்மது ரபீக் இன்னொரு மருந்தாளுநர். ஞாயிற்றுக்கிழமை அவன்தான் தனியாக இருந்தான்.

"ஒருத்தருக்குக் குடுத்தேன்க்கா. அருவியில எண்ணெய் தேய்ச்சு விடுதவரு, மாடன்னு பேரு. நாய் விரலக் குதறிப் போட்டிருந்துச்சு. குப்பில ஐஸ் கெடந்துச்சு, உள்ளங்கையில வச்சு உருட்டிக் கரைச்சேன். நோட்டப் பாத்தேன், நாலு புள்ளி ஒண்ணுன்னு இருந்துச்சு. நீங்க எழுதினா சரியாத்தான இருக்கும்?"

 அந்த மாடனை உமாவுக்குத் தெரியும். இரண்டாவது தடுப்பூசிக்கு அன்று காலையில்தான் வந்து போயிருந்தார். தடுப்பூசி உலர்ந்த பொடி, குளிரில் கெடாது; அதனால் காலையில் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. விரலில் ஆழமான கடி. தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை காயத்தைக் காக்க வேண்டியது சீரம். முதல் ஊசியிலிருந்து ஏழு நாளுக்குள் நல்ல சீரம் போட்டுவிடலாம். வரும் ஞாயிறு வரை நேரம் இருந்தது.

டாக்டரிடம் ஓடிப்போய், ஞாயிற்றுக்கிழமை கொடுத்த குப்பியும் உறைந்ததுதான் என்றாள். அவர் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை காலையில நாலு புள்ளி ஒண்ணு, சாயங்காலம் மூணு புள்ளி ஒம்பது. உங்க கையெழுத்துதான? அப்புறம் எப்படி உறையும்? ஏதோ இன்னைக்கு ஆயிருக்கும். திருகச் சரி பண்ணிட்டு விடுங்க. வெள்ளிக்கிழமை ஆய்வு வருதுல்லா?"

அன்றைக்கு நான் லீவு சார் என்று சொன்னால் போதும். ஆனால் அதோடு பதினாலு வருட நோட்டும் பொய்யாகும், வேலை போகும், லைசென்ஸும் போகலாம். உமா வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் மேல் இரக்கப்படலாம், ஆனால் மாடனின் நாள் அங்கேதான் வீணாகத் தொடங்கியது.

வியாழன் மாடனின் எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிக்கும் முன்பே துண்டித்தாள். வெள்ளி ஆய்வுக்கு வந்தவர்கள் எல்லாவற்றையும் விட ஃப்ரிட்ஜ் நோட்டைத்தான் மெச்சினார்கள். டாக்டர் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். உமா தன் பங்கை ரபீக்கிடம் தள்ளிவிட்டாள். எது போனாலும் போகட்டும் என்று சனிக்கிழமை கூப்பிட்டபோது, மாடனின் போன் அணைந்திருந்தது.

ஞாயிறு காலையில் புதுச் சீரத்தை ஐஸ் டப்பாவில் வைத்துக்கொண்டு குற்றாலம் போனாள். அருவியில் வெள்ளம். கயிறு கட்டிக் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். எண்ணெய்க் கடையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"மாடனா? குளிக்கவே விடலன்னா எண்ணெய்க்கு எவன் வருவான்? வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போயிட்டான். சுரண்டப் பக்கம் ஏதோ ஊரு."

சுரண்டைக்குப் பஸ் ஏறினாள். இறங்கி நாலு கடையில் கேட்டாள். எந்த மாடன் என்று திருப்பிக் கேட்டார்கள். ஊர்ப் பெயர்கூடத் தெரியாமல் என்ன சொல்வாள்? மாலைக்குள் டப்பாவில் ஐஸ் உருகிவிட்டது.

திங்கள் காலை மாடன் தானாகவே வந்து நின்றார், கையில் ஊசி அட்டையோடு.

"நேத்தே வரணும்க்கா. போனு மழையில நனைஞ்சு செத்துப்போச்சு, தேதி மறந்துட்டு."

உமா உள்ளே போய், திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருக்கும் சிநேகிதியைக் கூப்பிட்டாள்.

"எட்டாவது நாளா? இனி சீரம் போட்டுப் பிரயோஜனம் இல்ல உமா. தடுப்பூசிய விடாமப் போடு. சாமியக் கும்பிடு."

நோய் வரலாம், வராமலும் போகலாம். ஒரு மாதமோ, மூன்று மாதமோ. வந்துவிட்டால் காப்பாற்ற உலகத்தில் மருந்து இல்லை. இதை இவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, பயந்து பயந்து சாவார் என்று உமா தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் அதுதான் வழி என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. தன்மேல் அருவருப்பாக இருந்தது.

தடுப்பூசி எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவள், பதினாலு வருடத்தில் முதல்முறையாக, மருந்தைத் தொடும் முன் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். நாலு புள்ளி ஒன்று.

ஊசி போட்டுக்கொண்டு திரும்பிய மாடன், மடியிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"புதங்கெழம முட்டியப் புடிச்சிக்கிட்டு நடந்தியள்லா, அதுக்கு எண்ணெய். நானே காய்ச்சினது. துட்டெல்லாம் வேண்டாம், உசுரக் காப்பாத்தியிருக்கிய." காயம் ஆறிவந்த விரல்களை நீட்டி மடக்கிக் காட்டினார். "இனி பயமில்லலாக்கா?"

"இல்ல அண்ணாச்சி," என்றாள் உமா.