அப்பா கதை சொன்ன மராத்திப் படம்

பிள்ளையார் சதுர்த்திக்கு எங்கள் டெய்ரி ஃபார்ம் பகுதியில் மராத்திக்காரர்கள் பந்தல் போட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். மராத்தி தெரிந்தவர்கள் முன்வரிசையில் நாலைந்து குடும்பம்தான். பின்னால் வங்காளிகள், தெலுங்கர்கள், நாங்கள். ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை. எங்களுக்குத்தான் அப்பா இருந்தாரே.

எந்த மொழிப் படமானாலும் பக்கத்திலிருப்பவர்களுக்குக் கதை சொல்லாமல் அப்பாவால் இருக்க முடியாது. கச்சால் தீவில் ரப்பர் வெட்டிய நாளிலிருந்தே அப்படி. சுனாமியில் வீடும் சாமானும் போய்ப் போர்ட் பிளேருக்கு வந்தபோது அந்தப் பழக்கம் மட்டும் பத்திரமாகக் கூடவே வந்தது.

ஜெயராணி அக்கா என் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாயாபந்தர் ஜெட்டியில் கப்பல் டிக்கெட் கொடுக்கும் இராமகிருஷ்ணன் அவளைப் பெண் கேட்டிருந்தார். அவளுக்கும் பிடித்திருந்தது. வீடு கட்டி முடியட்டும் என்று அப்பா முதலில் தள்ளிப்போட்டார். அப்புறம், அண்ணன் மெயின்லேண்டில் படித்து முடிக்கட்டும் என்றார். கடைசியாக, கடல் சரியில்லை என்றார். மாயாபந்தருக்குத் தினமும் பஸ் போகிறது! துணிக்கடையில் அக்கா வாங்கும் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. மறுநாள் காலை முடிவு சொல்ல வேண்டும். வேண்டாமென்று சொல்லப்போவதாக அப்பா அம்மாவிடம் சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்திருந்தது.

திரையில் ஒரு பெண் வேலை முடிந்து வந்தாள். வீட்டில் ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்ததும் அவளுடைய கிழட்டு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார்.

"தேகோ, தேகோ! புட்டா, கெழவன், நாடகம் போடறான்!" என்று அப்பா இந்தியும் தமிழும் கலந்து அறிவித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

வெளியாட்கள் முன்னால் நான் வாய் திறப்பதே இல்லை. அன்று எப்படியோ கேட்டுவிட்டேன். "ஏம்ப்பா, அந்தப் பொண்ண ஏன் கட்டிக் குடுக்க மாட்டேங்கிறாரு?"

"இதுகூடத் தெரியலையா? அவ போயிட்டா சம்பளம் நின்னுடும்ல! மக ஒழைப்புல உக்காந்து திங்கிறான். சீ, இவனெல்லாம் ஒரு அப்பனா? பேஷரம் ஆத்மி! வெக்கங்கெட்டவன்!"

எங்கள் எதிர்வீட்டு அப்பலம்மா, தெலுங்குக்காரி, பின்னாலிருந்து அப்பாவைக் கேட்டாள்.

"பழனி பாய், அந்த மாப்பிள்ளைக்கு எந்த ஊரு? மாயாபந்தரா?"

வரிசை முழுக்க வெடித்துச் சிரித்தது. அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து பார்த்தேன். சிரிப்பு!

அப்பா கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். "அரே, போலோ நா!" என்று மேலே சொல்லச் சொல்லி வங்காளிகள் நச்சரித்தார்கள்.

"ஊரையே கூட்டி வச்சு உங்களயே ஏசிக்கிட்டீங்க. இப்ப மட்டும் என்ன வெக்கம்? சொல்லுங்க," என்று அம்மா அவர் விலாவில் இடித்தாள்.

திரையில் மாப்பிள்ளை ரயிலேறிப் போய்விட்டான். அந்தப் பெண் ஜன்னலோரம் தனியாக நின்று அழுதாள்.

"லட்கி, அந்தப் பொண்ணு, என்ன ஆனா?" என்றாள் அப்பலம்மா, விடாமல்.

அப்பா திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்பனுக்குப் புத்தி வந்திருச்சு. போய்க் கட்டிக்கம்மான்னு சொல்லிட்டான். அவ சந்தோசத்துல அழுகுறா."

முன்வரிசை மராத்திக்காரி சுனந்தா பாபி திடுக்கிட்டுத் திரும்பினாள். "நஹி நஹி, பாய் சாப்! கல்யாணம் நடக்கவே இல்ல!"

"உங்க படத்துல நடக்கல பாபி. எங்க படத்துல நடக்குது," என்ற அப்பா, சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்து அக்காவின் மடியில் போட்டார். "ராணி, மாயாபந்தருக்கு நீயே சொல்லிரு."

"வீட்டுச் செலவு?" என்றாள் அக்கா.

"சந்தையில வாட்ச்மேன் வேல காலியா கெடக்காம், சேந்துக்கறேன். எனக்குத்தான் ராத்திரியெல்லாம் பேசாம இருக்கணுமேன்னு பயம்."

பந்தலுக்குள் சிக்னல் இல்லை. அக்கா செல்லைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி மழைச் சேற்றில் வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடினாள். அவள் செருப்புகளை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.