கப்பல்துறை வாய்க்காலில் ஒரு குச்சி

“அப்ப ரெண்டு தும்பியும் கடிபடாதோ?” என்று கலியாணமான புதிதில் சசிகரன் கஜந்தியிடம் கேட்டிருந்தான்.

“கடிபடாது. ஒண்டை ஒண்டு சுத்திச் சுத்திப் பறக்கும். களைச்சது விட்டிட்டுப் போயிடும்.”

“பெட்டை?”

“அது புல்லுக்க இருக்கும். தனக்கு வேணுமெண்டா வரும்.”

அன்று இருவரும் சிரித்தார்கள். ஆண் ஊசித்தும்பிகள் நீரோரத்துக் குச்சிக்காக இப்படிப் போட்டியிடுவதைத்தான் கஜந்தி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தாள். கப்பல்துறை வாய்க்காலுக்கு அவள் போகும் நாளெல்லாம், துறைமுக வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சசிகரனும் வந்தான். குடை பிடித்தான், சோற்றுப் பார்சல் சுமந்தான். கூட ஆய்வு செய்யும் யதுர்ஷன் அவளுக்குப் பக்கத்தில் குனிந்தால், இவனும் நடுவில் வந்து குனிந்தான். ஒன்று கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பாள். மனம் நொந்துவிடுவானோ என்று விட்டுவிடுவாள்.

மாரி தொடங்கினால் வாய்க்கால் பெருகிவிடும். அந்த வருட வேலை அத்தோடு சரி. இன்று காலை, அடையாளத்துக்கு இறக்கையில் சிவப்புப் புள்ளி வைத்துவிட்ட ஆண் தும்பி ஒன்று தண்ணீரில் நட்ட குச்சியில் இருந்தது. இன்னொன்று வந்து அதைச் சுற்றத் தொடங்கியது. அக்கரையில் கஜந்தியும் யதுர்ஷனும் தோள் முட்டக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சசிகரன் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். குச்சியைப் பிடுங்கி, இக்கரையில் கொண்டுவந்து குத்தினான்.

“இஞ்ச இருந்து பாருமன், கஜந்தி. ஏன் அதில நெருக்குப்பட்டுக்கொண்டு?”

சிவப்புப் புள்ளிக்காரன் வெறும் தண்ணீரின் மேல் கொஞ்ச நேரம் சுற்றினான். பிறகு காணவில்லை.

யதுர்ஷன் வலையை மடித்தான். “பரவாயில்லை அண்ணை. தும்பிக்கு வீடு மாத்திக் குடுத்திட்டீங்கள்” என்றவன், கண்டி வீதியில் நிற்பதாகச் சொல்லிவிட்டு நடந்தான்.

அந்தப் பகிடியில் கோபமே இல்லை. அதுதான் கஜந்தியைக் கூசவைத்தது. அவனுக்கு எல்லாம் விளங்கியிருந்தது; எத்தனை நாளாகவோ. இனி எந்த முகத்தோடு அவனுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்வாள்?

சசிகரன் குச்சியைப் பழைய இடத்தில் நட முயன்றான். கலங்கிய நீரில் இடம் பிடிபடவில்லை. முகம் கறுத்து, அவளைப் பாராமலே, அந்தத் தும்பி திரும்பி வருமா என்று கேட்டான். தெரியாது என்றாள்.

அவளும் தண்ணீருக்குள் இறங்கி, குச்சியை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

“இஞ்சேருங்கோ,” என்றாள். “நாளைக்கு என்னைத் தனியப் போக விடுங்கோ.”