கூட்டுச் செருப்பு

"கையை எடுங்கோ அப்பா, பிளீச்சிங் தண்ணி தெறிக்கப்போகுது" என்று பிரியந்தினி மூன்றாந் தடவையாகச் சொன்னாள். சூசைதாசன் எடுத்தால்தானே. கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியில் குந்தியிருந்து, பழைய பல்துலக்கும் பிறஸ்ஸால் வலையின் முடிச்சொன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கோழிக்கூட்டின் இரண்டு பக்கமும் அவருடைய பழைய வலைதான் அடைப்பு. கடலுக்குப் போவதை நிறுத்திய வருடம் மகளுக்கென்று கட்டிக் கொடுத்தது. கம்பி துருப்பிடிக்கும், நைலோனுக்கு நூறு வயது என்று அப்போது கொழும்புத்துறை முழுக்கப் பெருமையடித்தார். இப்போது அந்த நைலோனின் முடிச்சுக்கு முடிச்சு கோழியெச்சம் காய்ந்து இறுகிக் கிடந்தது. எரித்துவிட்டுப் புதிது போடுவோம் என்றாள் மகள். வலையை எரிக்கிற வீடு உருப்படுமா என்று கேட்டுவிட்டு பிறஸ்ஸைக் கையில் எடுத்தவர்தான், இன்றைக்கு ஒன்பதாம் நாள்.

தொடக்கத்தில் அவர் சொன்ன வைத்தியம் வேறு. கடற்தண்ணீரைப் பிளாஸ்டிக் கானில் அள்ளிவந்து ஊற்றினால் போதும் என்றார். "உப்புக்குத் தாங்குற கிருமி உலகத்திலை இல்லை." அதைக் கேட்டு மிருக வைத்தியர் தக்சாயினி சிரித்துவிட்டாள். இளம்பெண். ஆனால் சொல்வதைத் தெளிவாகச் சொல்லுகிறவள். முதலில் எச்சத்தைச் சுரண்டி எடுங்கள், சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள், காய்ந்தபிறகு பிளீச்சிங், அதன்பிறகு சுண்ணாம்பு. அழுக்குக்கு மேலே எந்த மருந்தை ஊற்றினாலும் வீண். கூட்டு வாசலில் மருந்துத் தண்ணீரில் ஊறிய சாக்கு ஒன்று இருக்கவேண்டும். கூட்டுக்குள் போவதற்கென்று தனியாக ஒரு செருப்பு, அது வேறெங்கும் போகக்கூடாது. எல்லாம் முடிந்து ஒரு மாதம் கூடு வெறுமனே கிடக்கவேண்டும்.

நாற்பத்துமூன்று முட்டைக்கோழிகள் நான்கு நாளில் போயின. பச்சையாய்க் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு, ஒவ்வொன்றாய்ச் சரிந்தன. அதற்கு முந்திய கிழமைதான் சூசைதாசன் கொடிகாமம் சந்தைக்குப் போனார். மரக்கறி வாங்கப் போன மனிதர், கோழிக்காரர்களோடு அரைமணித்தியாலம் நின்று ஊர்க்கதை கதைத்துவிட்டு, அதே செருப்போடு வந்து நேரே கூட்டுக்குள் நுழைந்தார். கடைசிக் கோழியையும் புதைத்த அன்று பிரியந்தினி மண்வெட்டியை வீசி எறிந்தாள்.

"உங்கடை செருப்போடைதான் அப்பா உது வந்தது. என்ரை கோழியளைச் சாகடிச்சது உந்தச் செருப்புத்தான்."

வாய்க்கு வாய் பதில் சொல்லுகிற மனிதர் செருப்பைக் கழற்றினார். மறுநாள் தொடங்கி வெறுங்காலோடு திரிந்தார். நீலவார் வைத்த அந்த றப்பர்ச் செருப்பு கூட்டுக் கூரைத் தகரத்தின்மேல் கிடந்தது. கீழே நின்று பார்த்தால் வாரின் வளைவு மட்டும் தெரியும். அதைக் காணும்போதெல்லாம் பிரியந்தினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய இடதுகாற் செருப்பும் அந்த நாட்களில்தான் காணாமற்போய், ஒருநாள் கழித்துப் படியடியில் கிடந்தது. இழுத்துக்கொண்டுபோனதென்று வீட்டு நாய்க்கு நல்ல ஏச்சு விழுந்தது. அப்பாவுக்குச் சொல்லவேண்டியதை மட்டும் அவள் சொல்லவில்லை.

நேற்று தக்சாயினி திரும்ப வந்தபோது, நோய் எப்படி வந்ததென்று யாராலும் அறுதியாகச் சொல்லமுடியாது என்றாள். அடுத்த ஒழுங்கை வீடுகளிலும் கோழிகள் செத்திருக்கின்றன, காகம்கூடக் கொண்டுவந்திருக்கலாம். இதை அப்பாவுக்குச் சொல்லி, நான் அப்படிக் கதைத்தது பிழை என்றும் சொல்லிவிடவேண்டும். நேற்றுப் பின்னேரம் கணவன் டினேஸ் பக்கத்தில் நின்றதால் வாய் வரவில்லை. இன்றைக்கு அவன் நண்டுவலைக்குப் போய்விட்டான். வீட்டில் இரண்டே பேர். இனிச் சாட்டுச் சொல்ல ஒன்றுமில்லை.

"இன்னும் எவ்வளவு கிடக்கு அப்பா?"

"உந்த மூலை மட்டுந்தான். மத்தியானத்துக்குள்ளை முடிச்சுப்போடுவன். நீ போய்த் தேத்தண்ணி ஊத்து. சீனி கொஞ்சம் கூடப் போடு."

"டொக்டர் உங்களுக்குச் சீனி வேண்டாமெண்டவரெல்லே?"

"டொக்டரே இஞ்சை வந்திருந்து முடிச்சுத் தேய்க்கிறார்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுப்படியில் தண்ணீர் கொதிக்கும் மட்டும் வசனத்தைச் சொல்லிப் பார்த்தாள். அப்பா, காகமாயும் இருக்குமாம். அப்பா, நான் அண்டைக்கு ஒரு கோவத்திலை. எப்படித் தொடங்கினாலும் சரியாக வரவில்லை. சீனி இரண்டு கரண்டி போட்டாள். யோசித்துவிட்டு இன்னும் அரைக்கரண்டி போட்டாள்.

திரும்பி வந்தபோது அவர் நெற்றியை வலையில் சாய்த்திருந்தார். பிறஸ் கையில் இருந்தது.

"அப்பா, தேத்தண்ணி."

தோளைத் தொட்டாள். உடம்பு அவள் பக்கமாக முழுப்பாரத்தோடு சரிந்தது. நெற்றியில் வலைக்கண்ணின் அச்சு, சின்னச் சதுரங்களாகப் பதிந்திருந்தது.

சவப்பெட்டியில் வைக்கமுன் அவருக்கு உடுப்பு மாற்றினார்கள். வெள்ளைக் காலுறை போடப்போனபோதுதான் பிரியந்தினி அவருடைய உள்ளங்காலைப் பார்த்தாள். கூட்டில் கழுவி முடித்த பக்கத்துத் தரைக்குப் போட்ட சுண்ணாம்பு வெடிப்புகளில் ஏறி இறுகியிருந்தது. வெந்நீர் கொண்டுவந்து தேய்த்தாள், தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்தாள். போகவில்லை. நேரமாகுது பிள்ளை என்று பெண்கள் அவசரப்படுத்தினார்கள். அந்தக் கால்களுக்கு அப்படியே காலுறையை மாட்டினாள். அவளுக்கு அழுகை வரவில்லை, அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

அடக்கத்தன்று காலையில் அவருடைய தங்கை லூர்த்தம்மா குருநகரிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கினாள். இறங்கும்போதே ஒப்பாரி. கக்கத்தில் கால் கட்டிய சேவல். முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு அண்ணனுக்குப் பிடித்த சேவல்கறி வைக்கவேண்டும், அதுவரை இங்கேயே நின்று கொழுக்கட்டும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. அழுதுகொண்டே வெறுங்கூட்டின் கதவைத் திறக்கப் போனாள்.

"மாமி, அதுக்கை விடாதேங்கோ!"

பிரியந்தினி போட்ட கத்தலில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். வளவு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"அண்ணை பெட்டியிலை கிடக்கிறார். உனக்கு இப்பவும் கோழிக்கூடோ?" என்றாள் லூர்த்தம்மா.

"அப்பா கழுவின கூடு மாமி. ஒம்பது நாளா முடிச்சு முடிச்சாக் கழுவினவர். அதுக்கை ஒருத்தரும் ஒண்டையும் கொண்டுவந்து விடக்கூடாது." அதற்குமேல் அவளால் நிற்கமுடியவில்லை. மீன்பெட்டியில் இருந்து, இரண்டு நாளாக வராத அழுகையை எல்லாம் அழுதாள். "செருப்பாலைதான் வந்ததெண்டு நான்தான் சொன்னனான் மாமி. அதுக்குப் பிறகு அவர் செருப்பே போடேல்லை. பிழையெண்டு சொல்லவும் இல்லை. தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறதுக்கிடையிலை..."

லூர்த்தம்மா சேவலை ஓட்டோக்காரரிடமே கொடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். பிறகு வந்து மருமகளுக்குப் பக்கத்தில் மண்ணில் இருந்தாள்.

"எடி விசரி. உன்ரை கொப்பர் கோவிச்சா எப்பிடியெண்டு எனக்குத் தெரியாதே? என்ரை கலியாணத்துக்கு அவர் மீன் வாங்கினது பிழையெண்டு நான் ஒரு சொல்லுச் சொன்னன். மூண்டு வருசம் எங்கடை படலைக்கு வரேல்லை அந்தாள். கோவிச்ச ஆள் உனக்கு இருந்து வலை கழுவுமே?"

பிரியந்தினி மூக்கைத் துடைத்தாள். நம்பலாம் போலவும் இருந்தது, ஆறுதலுக்குச் சொல்கிறாள் போலவும் இருந்தது.

லூர்த்தம்மா சும்மா இருக்கிற பிறவி இல்லை. கூட்டு வாசலில் சாக்கு ஊறிக் கிடந்த பேசினில் எட்டிப் பார்த்தாள். "உதென்ன தண்ணி?" கிருமிக்குப் போட்டது, காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று பிரியந்தினி சொன்னாள். "வாற சனமெல்லாம் வீட்டிலை கோழி வளக்கிறதுதானே, காலோடை கொண்டுவருங்கள்" என்று பயத்தையும் சொன்னாள். லூர்த்தம்மா சாக்கோடு பேசினைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருவாசற் படலையில் வைத்தாள்.

"சேமக்காலையிலையிருந்து வாறவை எப்பிடியும் கால் கழுவித்தானே உள்ளுக்கை வரவேணும். உதிலையே கழுவட்டும்."

பின்னேரம் சூசைதாசனைச் சேமக்காலையில் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்த சனம் முழுவதும், பிளீச்சிங் மணக்கிற சாக்கில் ஏறி நின்று காலை நனைத்தது. பக்கத்தில் காவலுக்கு லூர்த்தம்மா. ஒருவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு இது புதுமுறையோ என்று கேட்டார். "ஓம், அண்ணையின்ரை முறை" என்றாள். சுவாமியார் சப்பாத்தோடு தயங்கியபோது, "சப்பாத்தெண்டாலும் வையுங்கோ சுவாமி" என்று இடுப்பில் கையை வைத்தாள். சுவாமியாரும் வைத்தார். பிரியந்தினி விறாந்தையில் இருந்து பார்த்தாள். அப்பா இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்திருப்பார் என்று நினைத்தாள். இறந்த வீடென்றும் பாராமல் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாம் நாள் அதே பிறஸ்ஸை எடுத்து மிச்சமிருந்த மூலையைத் தேய்த்து முடித்தாள். பிளீச்சிங் அடித்தாள். காய்ந்தபிறகு தரையிலிருந்து கூரைமரம் வரை சுண்ணாம்பு பூசினாள். கூரைக்கு மேலே மட்டும் பார்க்கவில்லை. கூடு வெள்ளைவெளேரென்று ஒரு மாதம் வெறுமனே கிடந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சில நாளில் தக்சாயினி வந்து, கூட்டை மூலை மூலையாகப் பார்த்தாள். வலையின் முடிச்சொன்றை நகத்தால் கீறிப் பார்த்தாள். நகத்தில் சுண்ணாம்பைத் தவிர ஒன்றும் வரவில்லை. "இனி விடலாம் அக்கா" என்றாள்.

டினேஸ் உரும்பிராயிலிருந்து இருபது கோழிக்குஞ்சுகளை, முட்டைக்கு வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறவற்றை, தடுப்பூசி போட்டுப் பெட்டிகளில் கொண்டுவந்தான். பெட்டிக்குள் கீச்சுக்கீச்சென்று ஒரே சத்தம். பிரியந்தினி அதைக் கேட்டுக்கொண்டு கூட்டு வாசலில் வெறுங்காலோடு நின்றாள்.

"கூட்டுக்கெண்டு தனிச்செருப்பு வாங்கேல்லையே?" என்றான் டினேஸ்.

அவள் கூரையைக் காட்டினாள். "அப்பான்ரை கிடக்கு. பெரிசுதான். பரவாயில்லை, எடுங்கோ."

அவன் மீன்பெட்டியில் ஏறிக் கையை நீட்டி எடுத்தான். எடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது ஆற்றை செருப்பு? மாமான்ரை பெரிசெல்லே?"

நூலால் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது, வலைக்குப் போடுகிற முடிச்சு. நீல வார் பிளீச்சிங்கில் வெளுத்திருந்தது. அடிப்பக்கத்துக் கோடுகளுக்குள் ஒரு பொட்டு அழுக்கில்லை, பிறஸ் தேய்த்த கீறல்கள் மட்டும் இருந்தன. குதியிலும் விளிம்பிலும் கத்தியால் சுற்றிவர வெட்டியிருந்தது. வெட்டின் ஓரத்தில், சின்னதொரு இடதுகாற் செருப்பை மேலே வைத்துக் கீறிய பேனைக்கோடு இன்னும் அழியாமல் இருந்தது.

பிரியந்தினி படியடியில் படுத்திருந்த நாயைப் பார்த்தாள். நாய் வாலை ஆட்டியது.

முடிச்சை அவிழ்த்துச் செருப்பைக் கீழே வைத்தாள். இடதுகாலை நுழைத்தாள், பிறகு வலதுகாலை. அளவாக இருந்தது. சாக்கில் ஏறி நின்று இரண்டு காலையும் நன்றாக நனைத்தாள். பிறகு முதற்பெட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, கதவைத் தோளால் தள்ளி உள்ளே போனாள்.