நூத்தியெட்டுக்குப் போன் பண்ணியாச்சு

மனை விற்கிறோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறதே, அதுங்க உருப்படுமா? "சார், கூடுவாஞ்சேரில பிளாட் கீது, சைட் பாக்க வர்றீங்களா?" அதே கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிக் குடிவந்த பிறகும் ஜமீரை விடவில்லை. பேஜார் தாங்காமல், தெரியாத நம்பர் வந்தால் போன் அடிக்கவே கூடாது என்று செட்டிங்கை மாற்றிவிட்டான். ஒழிஞ்சது தொல்லை என்று அவன் மனைவி மெஹ்னாஸும் சந்தோஷப்பட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் சோற்றில் கை வைத்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். வேர்த்துக் கொட்டியது. அவள் போனில் சார்ஜ் இல்லை. அவன் போனை எடுத்து நூற்றியெட்டுக்கு அடித்தாள். எதிர்முனைப் பெண் பதறாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "வண்டி கிளம்பிடுச்சும்மா. டிரைவர் கூப்பிடுவார், வழி சொல்லுங்க" என்றாள்.

புது லேஅவுட். தெருவுக்கு இன்னும் போர்டுகூட வைக்கவில்லை. மெஹ்னாஸ் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். அது அடிக்கவேயில்லை.

பக்கத்து வீட்டு அங்காளம்மாள் ஓடிவந்து ஜமீரின் உள்ளங்காலைத் தேய்த்தாள். "இன்னாடி இன்னும் வரல? வழி தெரியாம சுத்தினு கீறானுங்களா?"

"கூப்பிடுவாங்கன்னு சொன்னாங்கக்கா..."

தூரத்தில் சைரன் கேட்டது. யா அல்லாஹ், வந்துட்டாங்க! சத்தம் நெருங்கியது, பிறகு ரயில்வே லைன் பக்கமாகப் போய்க் குறைந்தது. போனைத் திறந்து பார்த்தாள். ஒரே நம்பரிலிருந்து வரிசையாக மிஸ்டு கால். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன செட்டிங் ஞாபகம் வந்தது. திருப்பி அடித்தால் பிஸி. மறுபடியும் பிஸி.

ஓட வேண்டியதுதான். ஆனால் ஜமீர் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வரும்போது இவன் இருப்பானா?

"நான் பாத்துக்கறேன், நீ ஓடுடி!" அங்காளம்மாள் அவன் விரல்களைப் பிரித்துவிட்டாள்.

செருப்பில்லாமல், முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் ஓடினாள். மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. எதிரே பாய்ந்து பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"எம்மா, நவுரு! வேற கேஸுக்குப் போவணும்!" டிரைவர் கத்தினான். "இங்க கூப்ட்டவங்க போனே எடுக்கல!"

"அந்தக் கேஸு நாங்கதாண்ணா! என் வூட்டுக்காரர்ண்ணா!"

டிரைவர் கதவைத் திறந்து ஏற்றிக்கொண்டான். இடது எது வலது எது என்று அவளுக்குச் சொல்ல வரவில்லை, கையைக் கையைக் காட்டினாள்.

வீட்டு வாசலில் யாரும் இல்லை. உள்ளே சத்தமும் இல்லை. மெஹ்னாஸால் படியேற முடியவில்லை. வண்டியில் வந்த வினிதா சிஸ்டர் அவளைத் தாண்டி உள்ளே ஓடினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னால் போனாள் மெஹ்னாஸ்.

வினிதா ஆக்சிஜன் மாஸ்க்கை வைக்கப் போனாள். ஜமீர் அதைத் தள்ளிவிட்டு மெஹ்னாஸைத் தேடினான்.

"என்ன வுட்டுட்டு எங்கடி போன?" என்றான், அழுதுகொண்டே.