நெல்டாவின் குரல், கோரலின் வாய்

"குரல் மட்டும் வேணுமாம், மூஞ்சி வேண்டாமாம். தொடைக்கறி தனி, ஈரல் தனின்னு என்னைக் கூறு போட்டு விக்கிறியா மில்டன்?"

"கத்தாத நெல்டா. தொண்டை கட்டிக்கும். அதுல பாதிப் பொழப்பு என்னோடது."

"உன் தொப்பையப் பாத்தாலே தெரியுது."

மில்டன் அவளுக்கு வாய்ப்புப் பிடித்துத் தந்து கமிஷன் வாங்குகிற ஏஜென்ட். கதவுக்கு வெளியே நான் அவளுடைய மூன்றாம் காட்சி உடையோடு நின்றிருந்தேன். நெல்டா கிராஃப்டுக்கு உடை மாட்டிவிடுவதுதான் ஒன்பது வருடமாக என் வேலை. நியூயார்க்கில் அந்தப் பாட்டு நாடகம் இரண்டு வருடம் ஓடியது. வாரத்துக்கு எட்டுக் காட்சி. மீன்கடைக்காரியாக நெல்டாதான் ஆடிப் பாடினாள். காய்ச்சலிலும் பாடினாள், அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த அன்றும் பாடினாள். அதைப் படமாக எடுக்க முடிவு செய்தார்கள். மீன்கடைக்காரி வேஷம் கோரல் வான்ஸ் என்ற இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு. அவளுக்குப் பாட வராது. நெல்டா பாட வேண்டும், கோரல் வாயசைப்பாள். படத்தில் நெல்டாவின் பேர் வராது. சாகும்வரை யாரிடமும் சொல்லவும் கூடாது. அதற்குப் பதிலாக, அடுத்த படத்தில் அவள் முகம் தெரிகிற ஒரு வேஷத்துக்கு ஆள் எடுக்கும்போது முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

நெல்டாவுக்கு நாற்பத்தொன்று. திரையில் ஒரு தடவையாவது தன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

கலிபோர்னியாவில் பதிவு நடந்தபோது நானும் கூட இருந்தேன். ஒலிப்பதிவாளன் பாதியில் நிறுத்தினான். "மூச்சு வாங்குறது கேக்குது. வயசு தெரியுது." ஒலிநாடாவில் அவள் மூச்சு இருந்த இடத்தையெல்லாம் வெட்டி எடுத்தான். துண்டுகள் தரையில் நகம் வெட்டிப் போட்ட மாதிரி கிடந்தன.

படம் நன்றாக ஓடியது. கோரலின் குரலைப் பத்திரிகைகள் கொண்டாடின. மறு வருடம், சொன்னபடியே நெல்டாவைக் கூப்பிட்டார்கள். புது இயக்குநர். நெல்டாவைப் பாடச் சொன்னார். நான் அவள் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றேன். இரண்டு வரி முடிவதற்குள் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"நல்லாத்தான் பாடுறீங்க மேடம். ஆனா அப்படியே கோரல் வான்ஸைக் காப்பியடிக்கிறீங்க. எல்லாப் பொண்ணுங்களும் இப்போ இதைத்தான் பண்ணுதுங்க. உங்க சொந்தக் குரல்ல பாடுங்களேன்."

அவர் கிண்டல் செய்யவில்லை. ரகசியத்தை அவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. மில்டன் தன் தொப்பிக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

நெல்டா என்னைப் பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்றாள். மூக்கால், கீச்சென்று, அதுவரை நான் கேட்டே இராத ஒரு குரலில் முழுப் பாட்டையும் பாடினாள். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தபடி நன்றி சொன்னார்.

வெளியே வந்ததும், "வாயத் தொறந்த, கொன்னுடுவேன்" என்றாள் என்னிடம். கோட்டை நான்தான் மாட்டிவிட்டேன். பொத்தான் போடும்போது அவள் கழுத்து துடித்துக்கொண்டிருந்தது.

அவர்கள்மேல் இருக்கிற அருவருப்பைவிட என்மேல்தான் எனக்கு அதிகம். நான் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அந்த அறையில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இங்கே எல்லோர் பேரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். நெல்டா இப்போது சிறுவர்களுக்குப் பாட்டு சொல்லித் தருகிறாள், இதை வெளியே சொல்ல வேண்டாம் என்கிறாள். உண்மைப் பேர்களோடு எழுதட்டுமா, விட்டுவிடட்டுமா? நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று தயவுசெய்து பதில் எழுதுங்கள்.