கண்ணசர்றதுன்னா

காலை எட்டரை மணி இருக்கும். சாமை அறுக்கக் கிளம்பவேண்டிய நேரத்தில் வெற்றிவேல் மறுபடியும் பாயில் சாய்ந்தான்.

"வவுறு வலிக்குது. கொஞ்சம் கண்ணசர்றேன். நீ முன்னால போ," என்றான் மனைவியிடம்.

வெண்ணிலா அரிவாளை எடுத்தாள், வைத்தாள். நெல்லிவாசல்நாட்டு மலையில் கண்ணசர்றது என்றால் மத்தியானம் சாப்பிட்டபின் புளியமர நிழலில் துண்டை விரித்துச் சாய்வது. பத்து நிமிஷம். பக்கத்தில் யாராவது இருமினால் கலைந்துவிடும். அதைத் தூக்கம் என்று யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். "தூங்கிட்டியா?" என்று கேட்டால், "இல்ல, சும்மா கண்ணசந்தேன்" என்று ரோஷமாகப் பதில் வரும். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தவன் காலையில் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

வெற்றிவேலின் அண்ணன் எட்டிப் பார்த்தான்; பெயர் சின்னக்குழந்தை. "நேத்து பூரா குனிஞ்சு அறுத்தான் இல்ல, அலுப்பு. கண்ணசரட்டும் வுடும்மா."

அவள் கிளம்பினாள். பாதி வழியில் கால் ஓடவில்லை. திரும்பி வந்து, "மாமா," என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

"ம்," என்றான் அவன். கண் திறக்கவில்லை. குரல் வாய்க்குள் சோறு வைத்திருப்பவன் குரல்போல இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் பாறைமேல் ஏறினால்தான் போனில் சிக்னல். ஏறி, புதூர்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் மஞ்சுளாவைக் கூப்பிட்டாள்.

"தூங்குறாரா?"

"தூங்கல சிஸ்டர். கண்ணசர்றாரு. கூப்ட்டா 'ம்'முங்குறாரு."

"கண்ணைத் தொறக்கலையா, தொறக்க முடியலையா? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. சீக்கிரம்."

வெண்ணிலா இறங்கி ஓடினாள். "மாமா, என்னைப் பாரு."

அவன் முயன்றான். புருவம் இரண்டும் மேலே ஏறின. நெற்றி சுருங்கியது. இமைகள் மட்டும் அப்படியே தொங்கின.

மறுபடியும் பாறைக்கு ஓடினாள். "முடியல சிஸ்டர்."

"ராத்திரி எங்க படுத்தாரு?"

"கீழதான்."

"கட்டுவிரியன் கடிச்சிருக்கலாம். அது கடிச்ச எடத்துல வலிகூடத் தெரியாது, வயிறுதான் வலிக்கும். இப்பவே கூட்டிட்டு வா. வாயில தண்ணி எதுவும் ஊத்தாத."

பாறையிலிருந்தே ஜீப் ஓட்டும் சந்திரனையும் கூப்பிட்டாள். அவன் வர இருபது நிமிஷம் ஆனது. அதற்குள் அவள் வாசலுக்கும் பாய்க்கும் எத்தனைமுறை நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஜீப்பில் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு வளைவிலும் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பேசிக்கொண்டே வந்தாள், திட்டினாள்கூட.

"தூங்கிட்டாராக்கா?" என்று சந்திரன் திரும்பாமலே கேட்டான்.

"இல்ல. நீ வேகமாப் போ."

புதூர்நாட்டில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். மூச்சு மேலோட்டமாகிக்கொண்டே வந்தது. தொண்டையில் குழாய் வைத்து, ஆம்புலன்சில் திருப்பத்தூருக்கு இறக்கினார்கள். மூன்று நாள் மெஷின்தான் அவனுக்கு மூச்சு விட்டது. வெண்ணிலா வராந்தாவில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது.

நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். அவன் கரகரத்த குரலில் பேசினான்.

"எல்லாம் கேட்டுச்சு எனக்கு."

"இன்னா கேட்டுச்சு?"

"நீ ஜீப்புல பேசினது. தூங்கிட்டாரான்னு அவன் கேட்டது. விரலக்கூட ஆட்ட முடியல. தூங்கிட்டான்னு நெனச்சு வுட்டுடுவீங்களோன்னு பயந்துட்டே கெடந்தேன். நீ இல்லன்னு சொன்ன."

வெண்ணிலா எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள்.

ஊருக்கு வந்தபோது சாமையை அண்ணன் அறுத்துப் போராகப் போட்டிருந்தான். சின்னக்குழந்தையே ஒரு கயிற்றுக்கட்டிலும் கொண்டுவந்து போட்டான். வெற்றிவேல் அதில்தான் படுக்கிறான். மத்தியானத்தில் அவன் கண்ணை மூடினால் வெண்ணிலாவுக்குக் கை வேலையில் நிற்பதில்லை. கூப்பிடுகிறாள். அவன் கண்ணைத் திறந்து, அவளை நேராகப் பார்த்துவிட்டு, மறுபடியும் மூடிக்கொள்கிறான். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் கூப்பிடுகிறாள். அவன் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.